விசா வியாபாரிக்கு ஏன் விலை போகிறாய்?

இளைஞனே! வெளிநாடு போகாதே என்று நாம் சொல்லவில்லை. கடல் கடந்து பொருள் தேடுவது நம் முன்னோர் வழக்கம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு போகாதே என்றுதான் சொல்கிறோம்!

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்தான் ஆள் எடுக்க முடியும். உன்னிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஆனால் நீ கொடுப்பது என்ன? கெங்கவல்லியில் தகப்பனார் காட்டை அடமானம் வைத்து, தாயின் நகையை விற்று, ரசீதே இல்லாமல் ஒன்றரை லட்சம்! அதை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய். இரண்டு வருடத்தில் 1,08,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். ஹராமான வட்டியில் தொடங்கும் பயணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

"ஃப்ரீ விசா" என்பான். அப்படியொரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை! ஒரு கஃபீலின் பெயரில் போய் வேறு இடத்தில் வேலை செய்தால் நீதான் குற்றவாளி. அவன் "ஹுரூப்" கொடுத்தால் சிறையும் நாடு கடத்தலும்தான்.

"விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பான். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் அடிமைகளாகச் சிக்கியதை மறந்துவிட்டாயா?

2024 ஜூன் 12இல் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. இறந்த இந்தியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் 7 பேர் தமிழர்கள். குடியேற்ற அனுமதி பெற்று முறைப்படி போகிறவருக்கு, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் போய் மடிந்தவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

வியாபாரப் பெருமக்களே! கடைக்குப் பையன் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்கள். பத்து வருடம் உழைத்தவனுக்கு ஒரு பங்காவது கொடுத்ததுண்டா? அவனை ஏஜென்டிடம் தள்ளியதில் உங்களுக்கும் பங்கில்லையா?

ஜமாஅத் நிர்வாகிகளே! ஏமாற்றுகிறவன் நம் சொந்தக்காரன் என்பதற்காக வாய் மூடியிருக்காதீர்கள். ஜும்ஆ முடிந்ததும் அறிவியுங்கள்: மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவைச் சரிபார்க்கலாம். 1978 முதல் தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்தி வருகிறது.

தம்பி, மூன்றே கேள்வி கேள். பதிவு எண் என்ன? ரசீது எங்கே? சம்பளம் எழுதிய ஒப்பந்தம் எங்கே? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே!