பொம்மை வில்லும் பிள்ளைகளின் கண்ணும்

விருதுநகர் பங்குனிப் பொங்கல் கடையில், விசையை இழுத்தால் அம்பு பாயும் பொம்மை வில்லை அடம்பிடித்து வாங்கினான் என் பையன். எம். புதுப்பட்டிக்குத் திரும்பிய அன்றே மரக்குச்சி அம்பு தங்கச்சியின் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால்? எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. வெடிக்குப் பயப்படுகிற ஊர்தான். பொம்மைக்கு யார் பயப்படுகிறோம்?

வில்லைப் பிடுங்கினால் அழுவானே! குச்சிகளை அடுப்பில் போட்டேன். பழைய மெத்தை ஸ்பாஞ்சை விரல் நீளத்துக்கு வெட்டி அம்பாக்கினேன். ரப்பரையும் தளர்த்திக் கட்டினேன். கனத்துக்காக உள்ளே ஆணி, குச்சி எதையும் செருகிவிடாதீர்கள்.

ஸ்பாஞ்சுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். ஸ்பாஞ்சுக் குண்டு பட்டு மூன்று பேருக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததை லண்டன் டாக்டர்கள் 2017-இல் எழுதியிருக்கிறார்கள். சுவரில் வட்டம் போட்டுக் குறி பார்க்கச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து அடிக்கவே கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், தாய்ப்பால் விடாமல், உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.