விலகி நிற்கும் வித்தை

மும்பை மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பையன் டிரான்ஸ் இசை செய்கிறான். பாடுகிறான், வாசிக்கிறான் என்றெல்லாம் சொல்ல முடியாது. செய்கிறான், அதுதான் சரியான வினைச்சொல். ஒரு லேப்டாப், இரண்டு ஸ்தாயிக்கு மேல் போகாத ஒரு குட்டிக் கீபோர்டு, ஒரு ஹெட்போன். தீபாவளிக்குள் உருப்படியாக ஒரு டிராக் வராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு சி.ஏ.வுக்குப் படிப்பதாக அப்பாவுடன் ஒப்பந்தம். அப்பா வங்கியில் இருந்தவர். தவணைத் தேதிகளை மறப்பவர் அல்ல.

"எல்லாம் கரெக்டாத்தான் போட்டிருக்கேன் அங்கிள். ஆனா அவங்களோடது மாதிரி கேக்க மாட்டேங்குது" என்று போன மாதம் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான்.

கேட்டேன். திரையில் எண்ணிப் பார்த்தால் 42 வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், மைக் பிடித்த மாமா, வீடியோக்காரர், பந்திக்குக் கூப்பிடுபவர் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. தனித்தனியே கேட்டால் எல்லாம் நல்ல சத்தங்கள்தான். அதுதான் பரிதாபம்.

டிரான்ஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 138 அடியை ஒட்டி ஓடுகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை விநாடிகூட இல்லை, 0.43 விநாடி. ஒவ்வோர் அடியிலும் 'கிக்' என்கிற பெரிய டிரம் விழுகிறது. அதன் வயிற்றுப் பகுதி 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும். பாஸ் குடியிருப்பதும் அதே தளத்தில்தான். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் இரண்டுமே கேட்காது. சேறுதான் கேட்கும்.

இதற்கு டிரான்ஸ்காரர்கள் கண்ட முதல் வழி எளிது. அடியை நாலாகப் பிரித்து, முதல் காலில் கிக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றில் பாஸை வாசிப்பது. குதிரை ஓடுவதுபோன்ற அந்த ஓட்டம் இதனால்தான் வருகிறது. இரண்டாவது வழி 'சைட்செயின்'. வானொலியில் அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பின்னணிப் பாட்டு தானாகத் தணியுமே, அதே தந்திரம். சாதாரணமாக கம்ப்ரஸர் என்ற கருவி தன்னிடம் வரும் சத்தம் எகிறினால் அதை அமுக்கும். இங்கே அதன் காதைக் கிக்கின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கிக் விழுந்தால் பாஸ் பதுங்கும். கிக் ஓய்ந்ததும் எழும்பும். பாஸுக்கு மட்டுமல்ல, பின்னால் விரிந்து கிடக்கும் நீண்ட ஸ்வரங்களுக்கும் இதைச் செய்தால் முழு இசையும் மூச்சு விடுவதுபோல் இருக்கும். புரோகிரெஸிவ் ஹவுஸ் கொஞ்சம் நிதானமானது, 120க்கும் 128க்கும் இடையில். அதனால் அங்கே மூச்சும் நீளம்.

பையனுக்கு இதெல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். சைட்செயினும் போட்டிருந்தான், பாஸுக்கு மட்டும். மற்ற 40 பேரும் யாருக்கும் வழி விடவில்லை. போதாக்குறைக்கு 'சூப்பர்சா'. 1996-இல் ரோலண்ட் நிறுவனம் ஜேபி-8000 என்ற கீபோர்டில் கொண்டுவந்த சமாசாரம் இது. ரம்பப் பல் வடிவ அலைகள் ஏழு; ஒன்றுக்கொன்று இம்மியளவு சுருதி விலகி ஒலிக்கும். பஜனை கோஷ்டியில் ஏழு பேர் சேர்ந்து பாடும்போது வருமே ஒரு கனம், அது. இந்தச் சத்தம் இல்லாமல் 2000-ஐ ஒட்டிய வருடங்களின் டிரான்ஸே இல்லை எனலாம். நம் பையன் ஐந்து சூப்பர்சாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். 35 பேர் கோஷ்டி. எந்தப் பஜனை மடம் தாங்கும்?

அவன் திரையில் வெள்ளி நிறப் பெட்டி ஒன்றின் படமும் இருந்தது. இன்று மென்பொருளாகக் கிடைக்கும் அதன் அசலை எனக்குத் தெரியும். 1981 கடைசியில் வந்த ரோலண்ட் டிபி-303. தனியாகக் கிடார் வாசிப்பவருக்கு பாஸ் கிடார் துணை தருவதற்காக டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. பாஸ் கிடார் போலத் துளியும் ஒலிக்கவில்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தோல்விப் பெட்டிக்கு இதே மும்பையில் ஒரு கதை உண்டு. இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் அதையும் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தையும் ஜூபிடர்-8 கீபோர்டையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ் (நம் மோகனம், கல்யாணி, இந்தோளம்) எல்லாம் அதில் உண்டு. யாரும் வாங்கவில்லை. 2002-இல் எடோ பவுமன் என்கிற டச்சுக்காரர் தில்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 2010-இல் மறுபடி வெளியிட்டார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் திகைத்துப்போயின. 'ஆசிட் ஹவுஸ்' இசையை அமெரிக்காவுக்கு ஐந்து வருடம் முன்பே ஓர் இந்தியர் கண்டுபிடித்துவிட்டார் என்றார்கள். சிங், முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015-இல் காலமானார்.

எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. தேசபக்திக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற மூவர் குழு 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டபோது சிங்கின் தட்டை அவர்கள் கேட்டிருக்க வழியே இல்லை. செய்ததும் வேறு. சிங்குக்கு ஸ்வரங்கள் முக்கியம். பெட்டியை ராகத்துக்கு வேலை செய்ய வைத்தார். சிகாகோக்காரர்கள் ஒரே சின்னச் சங்கதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 'ஃபில்டர்' திருகை மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் திருகிக்கொண்டிருந்தார்கள். காப்பி ஃபில்டர் தூளை நிறுத்தி டிகாக்ஷனை விடுவதுபோல் இது மேல் அதிர்வுகளை நிறுத்திக் கீழ் அதிர்வுகளை விடும். திறக்கத் திறக்க அதே ஸ்வரம் முனகலில் இருந்து கூர்மையாகிக் கிறீச்சிடும். டிரான்ஸ் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வழியை.

ஆனால் இதுவும் நமக்கு அந்நியம் இல்லை. தம்புராவின் ஜீவாளி நூலைச் சற்று நகர்த்தினால் அதே ஸ்வரத்துக்குள்ளிருந்து மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். கச்சேரியில் தம்புராவை மட்டும் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனவர்களுக்கு டிரான்ஸ் பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதி, நிறுத்துவது. ஐந்து நிமிடம் விடாமல் அடித்த கிக் திடீரென்று காணாமல் போகும். 'பிரேக்டவுன்' என்கிறார்கள். 16 பார் (மதுக்கடை அல்ல, நாலு அடி கொண்ட ஆவர்த்தனம்) நிறுத்தினால் 138 வேகத்தில் சுமார் 28 விநாடி. ஆடுகிற கூட்டத்துக்கு அது நீண்ட நேரம். இதில் என் மனசுக்கு நெருங்கியது ராபர்ட் மைல்ஸின் 'சில்ட்ரன்' (1995). உடைந்துகொண்டிருந்த யுகோஸ்லாவியாவில் நிவாரணப் பணிக்குப் போன தந்தை கொண்டுவந்த குழந்தைகளின் புகைப்படங்கள் ஒரு காரணம். இன்னொன்று, இத்தாலியில் விடியும்வரை ஆடிவிட்டு வெறியோடு காரோட்டிச் செத்துக்கொண்டிருந்த இளைஞர்கள். கடைசியில் போட ஓர் அமைதியான டிராக் இருந்தால் தணிந்து வீடு போவார்கள் என்று நினைத்தார். அதனால்தான் அதில் எளிமையான பியானோ. அடுத்த வருடம் அது பல ஐரோப்பிய நாடுகளில் முதலிடம் பிடித்தது.

பையனுக்கு நான் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: அழி. கிக், பாஸ் தவிர மற்ற எல்லாவற்றிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. சூப்பர்சா ஒன்று போதும். முகத்தைப் பார்த்தால் நகையை விற்கச் சொன்ன மாதிரி இருந்தது. மூன்று வாரம் ஆளைக் காணோம்.

போன ஞாயிறு கூப்பிட்டான். 42 வரிசை 17 ஆகியிருந்தது. இந்தத் தடவை ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கரிலேயே போட்டான். நாலாவது நிமிடத்தில் கிக் நின்றது. ஒற்றைச் சங்கதி மட்டும் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு அப்பா எட்டிப் பார்த்தார். கையில் பேப்பர்.

"ஏண்டா நிறுத்திட்டே?"

"நிறுத்தலப்பா. வரும், இரு."

அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.