எச்சிலில் ஏது வம்சம்?

இரண்டு மாதம் முன்பு வரை தெப்பக்குளம் பக்கம் காலை நடை முடிந்ததும் ஐந்து கிழவர்கள் சேர்ந்து காபி குடிப்போம். இப்போது மூன்று பேர்தான். மற்ற இருவரும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டேன் என்கிறார்கள். காரணம் சொத்தும் இல்லை, அரசியலும் இல்லை. ஒரு சொட்டு எச்சில்.

ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் அமெரிக்காவில் ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினான். டிஎன்ஏ சோதனையாம். உங்கள் தந்தை வழிக் கிளை ஆர்1ஏ என்று பதில் வந்தது. மனிதர் அதைப் பிரதி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "பார்த்தீரா? எங்கள் குடும்பப் பெயர் சும்மா வந்ததில்லை. ஐயாயிரம் வருஷத்துச் சுத்தமான வம்சம்" என்றார். அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மருமகன் ஏற்கெனவே சோதித்துப் பார்த்து 'எச்' கிளை என்று தெரிந்துகொண்டிருந்தாராம். "அப்படியென்றால் நாங்கள்தான் இந்த மண்ணுக்காரர்கள், நீங்கள் வந்தேறிகள்" என்று விட்டார் ஒரு போடு. முப்பது வருஷ சிநேகம் அந்தக் காபி டம்ளரோடு முடிந்தது.

இருவருமே தப்பு என்று நான் சொன்னேன். அதனால் இப்போது இருவருமே என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. வாயால் சொல்ல விடவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். பெயர்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. பழைய மூலப்பத்திரங்களைப் பிரித்துப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி டவுன் இன்ன தெருவில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்றுதான் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்றைத் தமிழன் வைத்துக்கொண்டதே இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். நம் ஊரில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இன்டி பேரு' என்று வீட்டுப் பெயர் உண்டு. சௌராஷ்டிரர்களுக்கும் உண்டு. மற்றவர்களுக்குக் கடைசியில் ஒட்டியிருந்தது பிள்ளை, முதலியார், செட்டியார், ஐயர் என்ற பட்டம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். மெதுவாக அதுவும் போயிற்று. என் சர்வீஸிலேயே தாத்தா பத்திரத்தில் வாலோடும், பேரன் பத்திரத்தில் வால் இல்லாமலும் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பட்டமாவது ஒரே ரத்தமா? பிள்ளை என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். துபாஷியாக இருந்து டைரி எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். நம் திருச்சிச் சீமையில் குளத்தூரில் 1826-ல் பிறந்து, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவ வேளாளர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். மூன்று பிள்ளைகளும் மூன்று வெவ்வேறு குடி. முதலியாரில் நெசவு செய்தவர்களும் உண்டு, நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. நாயக்கரில் தெலுங்கரும் உண்டு, வட மாவட்டத்துத் தமிழரும் உண்டு, ஈரோட்டுப் பெரியாரைப் போலக் கன்னடம் பேசிய குடும்பமும் உண்டு. பட்டத்தைப் பார்த்து ரத்தத்தைச் சொல்வது, பஸ்ஸின் போர்டைப் பார்த்து உள்ளே இருப்பவர்களின் சொந்த ஊரைச் சொல்வது மாதிரி.

பாஸ்போர்ட் வந்தபிறகுதான் இந்தக் கூத்து. 'சர்நேம்' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது? என் மூத்த மகன் என் பெயரை எழுதினான். ஆகவே கலிபோர்னியாவில் என் பேரன் மிஸ்டர் கோபாலன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவனைக் கேட்டாராம், கோபாலன் வம்சம் எத்தனை நூற்றாண்டுப் பழமை என்று. எனக்கு வயது எழுபத்து நாலு, அதுதான் அந்த வம்சத்தின் பழமை! இளையவன் கட்டத்தைச் சரியாக நிரப்பாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கிவிட்டான். அமெரிக்க விசாவில் அவன் முதல் பெயர் எஃப்.என்.யு., அதாவது முதல் பெயர் தெரியவில்லை. மகள் கணவர் பெயரைப் போட்டுக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று விதம். இதில் எந்தப் பெயருக்கு டிஎன்ஏ பார்ப்பது?

குடும்பப் பெயர் ஊறிப்போன நாடுகளிலேயே கணக்கு உதைக்கிறது. ஆக்ஸ்போர்டில் பிரையன் சைக்ஸ் என்ற விஞ்ஞானி தன் பெயரைக் கொண்ட 48 ஆண்களைச் சோதித்து 2000-ல் கட்டுரை வெளியிட்டார். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, குடும்பப் பெயர் மாதிரியே. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் ஒரே மாதிரி இருந்தது. மிச்சப் பேருக்குப் பெயர் ஒன்று, மூதாதை வேறு. செக் நாட்டில் தெருவுக்கு நாலு பேர் நோவாக் என்று இருப்பார்களாம். அர்த்தம் என்ன தெரியுமா? புதிதாக வந்தவன். எந்த ஊருக்கு வந்தான், எங்கிருந்து வந்தான் என்று பெயர் சொல்லாது. வங்கிக்கார நண்பர் மார்தட்டும் ஆர்1ஏ அந்த நோவாக்குகளிடமும் போலந்துக்காரர்களிடமும் ஏராளம். அவர்கள் கிளையும் நம் கிளையும் பிரிந்து ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது வேறு விஷயம். அதே ஆர்1ஏ ஆந்திராவின் நல்லமலைக் காட்டில் தேனெடுக்கும் செஞ்சுக்களிடமும் கணிசமாக இருப்பதை 2003-லேயே ஆராய்ச்சியில் கண்டார்கள். நண்பர் முதலில் அந்தச் செஞ்சுப் பங்காளியைக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுக்கட்டும்.

'எச்' நண்பரும் குதிக்க வேண்டாம். அவர் ஜாதியிலேயே பக்கத்து வீட்டுக்காரருக்கு எல் கிளையோ ஜே கிளையோ இருக்கும். ஒரு ஜாதிக்கு ஒரு கிளை என்று எங்கேயும் கிடையாது. தவிர, ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஒரு நூல். அப்பாவின் அப்பாவின் அப்பா. பத்துத் தலைமுறை பின்னால் போனால், அதாவது மலைக்கோட்டையைச் சுற்றிச் சந்தா சாகிபும் ஆங்கிலேயனும் பீரங்கி வைத்து அடித்துக்கொண்ட காலத்துக்குப் போனால், ஒருவருக்கு 1024 மூதாதையர். (அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிக்கொண்டதில் நமக்குக் கொஞ்சம் குறையும்.) அதில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற ஆயிரம் பேரைக் காவேரியில் விடுவதா? அதில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் பாட்டியின் பாட்டி பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி அந்தச் சோதனை வாயே திறக்காது.

எதிர்த் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற குழு தமிழ்நாட்டில் 31 சமூகங்களில் 1680 ஆண்களைச் சோதித்து 2012-ல் முடிவு சொன்னது. இங்கே கூட்டங்கள் கூட்டங்களாகப் பிரிந்தது நாலாயிரம் ஆறாயிரம் வருஷத்துக்கு முன், கடைசி மூவாயிரம் வருஷத்தில் கலப்பு குறைவு என்றார்கள். உடனே நண்பர் துள்ளுவார். அவசரப்பட வேண்டாம். அந்தப் பிரிவுக்கு அவர்கள் காட்டிய காரணம் விவசாயம் பரவியது. வர்ணம் அல்ல. 2013-ல் வேறு ஒரு குழு இந்தியா முழுக்க ஜீனோம் பார்த்தது. வடக்கிலிருந்து வந்த கலவையும் தெற்கின் பழைய கலவையும் ஏறக்குறைய 4200 முதல் 1900 வருஷத்துக்கு முன்பு வரை கலந்தன, அநேகமாக எல்லா ஜாதியிலும் இரண்டும் உண்டு, விகிதம்தான் மாறும் என்பது அவர்கள் கண்டது. கதவைச் சாத்திக்கொண்டது பின்னால்தான். கதவைச் சாத்துவதற்கு முன்பே எல்லோரும் உள்ளே வந்தாயிற்று.

மரபணுச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஆபரேஷன் மயக்கத்தின்போது கொடுக்கும் ஒரு மருந்தை உடம்பு உடைக்காது. முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார், உயிர் பிழைக்கும். சொந்தத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டியதில் ஒவ்வொரு ஜாதிக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அதற்குச் சோதியுங்கள், நானே வந்து வரிசையில் நிற்கிறேன். பெருமைக்கு எச்சில் துப்பாதீர்கள். 2023-ல் 23அண்ட்மி கம்பெனியில் 69 லட்சம் பேருடைய விவரத்தைத் திருடிவிட்டார்கள். 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. போனது துப்பினவன் ரகசியம் மட்டுமா? அவன் அண்ணன், தம்பி, பெரியப்பா எல்லோருடையதும் சேர்த்துத்தான்.

இதை நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் பூர்வீக வீட்டின் பத்திரத்தை ஒரு காரியத்துக்காக எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயருக்கு முன்னால் 'குமாரர்' என்று இல்லை, 'சுவீகார குமாரர்' என்று இருந்தது. நான் தாத்தா என்று நினைத்திருந்தவருக்குப் பிள்ளை இல்லை. லால்குடி பக்கம் கட்டிக்கொடுத்த தன் சகோதரியின் மூன்றாவது பையனைத் தத்து எடுத்திருக்கிறார். சகோதரி மகனைத் தத்தெடுக்கலாகாது என்று சாஸ்திரம் சொல்லும். தெற்கே வழக்கம் அதைத் தள்ளிவிட்டு வெகு காலம் ஆகிறது. பிறகுதான் எனக்கு உறைத்தது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கூடை வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவாரே ஒரு பாட்டி, அப்பா 'அத்தை' என்று கூப்பிடுவாரே, அவர்தான் அப்பாவைப் பெற்றவர். மாமா அப்பாவானதும் அம்மா அத்தையாகிவிட்டார். சாகும்வரை அந்த முறை மாறவில்லை. பெற்றவளை அத்தை என்று கூப்பிட்டு அறுபது வருஷம் ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார்.

அப்பாவிடம் கேட்டேன். "பத்திரத்தைப் படிச்சுட்ட இல்ல? அப்புறம் என்ன? அத்தை காதுல விழப்போகுது" என்றார். அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் உட்காரும்போது வளர்த்தவர் வழிப் பெயர்களைச் சொல்லி முடித்ததும், அத்தை பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புரோகிதரிடம் மெதுவாகச் சொல்வார்.

ஆகவே, என் பேரன் துப்பினால் வருவது லால்குடிக்காரருடைய நூல். எங்களுக்குச் சோறு போட்ட, நிலம் எழுதி வைத்த, அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைப் படி ஏறிய மனிதர் அந்தச் சோதனையில் இருக்கவே மாட்டார். அவருக்கு எழுத்து கிடையாது, கிளை கிடையாது. நான் பதிவு செய்த சுவீகாரப் பத்திரங்கள் மட்டும் எத்தனை! பத்திரமே இல்லாமல் பெரியம்மா வீட்டில், சித்தி வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவர்கள் எத்தனை! வங்கிக்கார நண்பரின் ஐயாயிரம் வருஷ வரிசையில் இப்படி ஒரு அத்தை வராமல் இருந்திருப்பாரா? எச்சில் குப்பியை விற்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை?

சென்ற மாதம் பேரன் எனக்கும் ஒரு குப்பி அனுப்பியிருந்தான், "தாத்தா, உங்களோடதும் வேணும்" என்று. வீடியோவில் அவனைக் கூப்பிட்டு, துப்புவதற்குப் பதிலாக அத்தைப் பாட்டி கதையை ஒரு மணி நேரம் சொன்னேன். "அப்ப நம்ம சர்நேம் என்னதான் தாத்தா?" என்று கேட்டான். "வாழைப்பழம்னு வெச்சுக்கோடா" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

குப்பி வந்த டப்பா கெட்டியாக, நல்ல மூடியோடு இருந்தது. வீட்டம்மாள் அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.