எருமை மடிக்கு எந்த ஊசி?

எருமைக்கு மடிநோய் வராது, அது பசுவுக்கு வருகிற நோய் என்று நம் நாஞ்சில் நாட்டில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய்யும் இல்லை. எருமையின் காம்புத் துளையை மூடும் தசை பசுவினுடையதை விட இறுக்கமானது. கிருமி எளிதில் நுழையாது. ஆனால் நுழைந்துவிட்டால் அதே எருமை ஒரு காம்பை, சில வேளை முழு மடியையே இழக்கும்.

வங்கியில் கறவை மாட்டுக் கடன் பார்த்த காலத்தில் தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாடு செத்தால் இன்சூரன்ஸ் வரும். ஒரு காம்பு செத்தால் ஒன்றும் வராது. பால் பாதியாகும், தவணை மட்டும் குறையாது. கடைசியில் எருமை அடிமாட்டு விலைக்குப் போகும். அந்த வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மடி வீங்கியது, பால் திரிந்து வந்தது, யாரோ சொன்ன ஊசியைப் போட்டார்கள், கொஞ்சம் வாடியது, பத்து நாளில் திரும்ப வந்தது, அடுத்த ஊசி.

மடிநோய் என்பது ஒரே கிருமியின் வேலை அல்ல. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் கறப்பவர் கை வழியாக ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும். அதில் பல வகைகள் பென்சிலினை உடைக்கும் நொதியையே சுரக்கின்றன. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை சாணியிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வருபவை. சாதாரண பென்சிலின் ஊசிக்கு இவை அசைவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வீக்கம்தான். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து தேர்வது குருட்டடி. தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகியும்விடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. முதல் ஊசிக்கு முன்பே காம்பைக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, சுத்தமான குப்பியில் கொஞ்சம் பால் பிடித்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வட்டங்களை அதன்மேல் வைப்பார்கள். எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ அந்த மருந்து கேட்கும். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். அதுவரை மாட்டைத் துடிக்க விட வேண்டியதில்லை. மாதிரி எடுத்த பிறகு டாக்டர் தம் அனுபவப்படி ஒரு மருந்தைத் தொடங்கலாம், முடிவு வந்ததும் மாற்றலாம். ஊசி போட்ட பின் எடுத்த பாலில் கிருமி சரியாக வளராது. இந்த ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை.

நெல்லை ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஒரு குப்பிப் பாலுக்காக எந்த விவசாயி ஒரு நாள் வேலையை விடுவார்? ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் சுத்தமான குப்பிகளும் ஒரு ஐஸ் பெட்டியும் வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மாதிரிகளைச் சேர்த்து அனுப்பலாம். மாடு வாங்க மானியம் தரும் அரசுக்கு இது பெரிய செலவா?

கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15 அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்புகிறது. தொடக்கத்திலேயே பூசலாம், நல்லதுதான். காய்ச்சல் கண்டு மாடு தீனி எடுக்காவிட்டால் அதை நம்பி உட்காரக் கூடாது.

பால் குடிக்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. மருந்துப் பெட்டியில் காத்திருப்புக் காலம் போட்டிருக்கும். போடாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012-இல் விதி வந்தது. அந்த நாள்களின் பால் எங்கே போகிறது? நல்ல உறைமோர் விட்டும் தயிர் உறையவில்லை என்றால், எருமைக்கு ஊசி ஏதும் போட்டீர்களா என்று பால்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.