பெட்டியில் வரும் திலாப்பியா



பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் சம்பள நாளை ஒட்டி மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி ஏறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மீனின் விலை கையைச் சுடும்போது லயத்துச் சட்டிக்குப் போவது பெரும்பாலும் திலாப்பியாதான். சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மீன்மேல் ஒரு மரியாதை. இந்த இதழின் முதல் கட்டுரையை அதற்கே கொடுத்திருக்கிறோம்.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் இலங்கைக்கு வந்தது. நம் ஆற்று மீன்கள் ஓடும் நீருக்குப் பழகியவை; மன்னர்கள் கட்டிய குளங்களில் நடுநீரை அவை அவ்வளவாகத் தொடவில்லை. திலாப்பியா அங்கே பாசியைத் தின்று பெருகியது. முட்டைகளைத் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் இரையைத் தொடுவதே அரிது. இதே குடும்பத்தில் இரண்டு இனங்கள் நம் தீவுக்கு இயல்பானவை. தாழ்நிலக் களப்புகளிலும் குளங்களிலும் வாழ்பவை. அவை முட்டையை ஒட்டுவது கல்லிலும் கட்டையிலும்.

அந்த வேறுபாடு நமக்கு முக்கியம். வெலிமடை, ஊவா பரணகம காய்கறிச் சரிவுகளின் மண் உமா ஓயாவில் இறங்கி, மகாவலியில் 1990இல் முடிந்த ரந்தம்பே நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருகிறது. பதுளை ஓயாவும் துன்ஹிந்தவில் 64 மீற்றர் குதித்து மகாவலிக்குத்தான் போகிறது, நகரத்துக் கழிவையும் சுமந்துகொண்டு. கல்லில் ஒட்டிய முட்டையை வண்டல் மூடிவிடும். வாய்க்குள் இருப்பதை மூடாது. ஆகவே சந்தையில் திலாப்பியா மலிந்து கிடப்பதை வைத்து ஆறு நலமாயிருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். எதையும் தாங்கும் மீன் அது. தாங்காதவை எவை, அவை எப்போது நம் ஓடைகளை விட்டுப் போயின என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் வீட்டு அப்பாயியும் தாத்தாவும்தான். தோட்டத்து ஓடையில் சிறுவயதில் அவர்கள் துண்டு விரித்துப் பிடித்த மீன்கள் எவை, இப்போது எவை மிச்சம் என்று கேட்டு எழுதியனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் ஓடையின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

சேற்று வாடைக்கு உப்பும் தேசிக்காயும் தேய்த்து ஊறவைக்கும் பக்குவம் சமையல் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்