காசும் கேஷும்

சொற்களின் பிறப்பை ஆராய்தல் இன்பம் பயக்கும் முயற்சியாகும். ஆயினும் அவ்வழியில் வழுக்கு நிலங்களும் உண்டு. ஒலியால் ஒத்த இரு சொற்களைக் கண்டவுடன் அவை ஒரு குடிப் பிறந்தவை என எண்ணிவிடுதல் மக்கள் இயல்பு. தாய்மொழிப் பற்றும் அதனோடு கூடிவிடின், எண்ணம் விரைவில் முடிபாகிவிடும். முடிபு மேடை முழக்கமாகிவிடும். 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு ஏற்ற சான்றாகும்.

'கேஷ்' என்பதற்கு ரொக்கப் பணம் என்பது பொருள். நம் மொழியில் 'காசு' என்பதும் பணத்தையே குறிக்கும். ஒலியும் ஒத்தது, பொருளும் ஒத்தது. ஆதலின், காசு என்னும் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து கேஷ் ஆயிற்று எனப் பலர் கூறுவர். ஆசிரியப் பணி ஏற்ற இளமையில் யானும் அவ்வாறே வகுப்பில் கூறினேன். மாணவர் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். பின்னர் ஒருநாள் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைப் பொறுமையுடன் நோக்கியபோதுதான், யான் கற்பித்தது பிழை என்பதை உணர்ந்தேன்.

இலத்தீன் மொழியில் 'காப்சா' என்பது பெட்டியைக் குறிக்கும் சொல். அதுவே இத்தாலிய மொழியில் 'கஸ்ஸா' என்றும், பிரெஞ்சு மொழியில் 'கெஸ்' என்றும் திரிந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல் ஆங்கிலத்துட் புகுந்து 'கேஷ்' ஆயிற்று. அக்காலத்தில் அது பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. பெட்டியிலுள்ள பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி என்னும் பொருள் மறைய, பணம் என்னும் பொருளே நிலைத்தது. இடத்தின் பெயர் ஆங்குள்ள பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்னும். நம் வணிகரும் 'இன்று கல்லா எவ்வளவு?' என்று வினவுவர். அவர் வினவுவது பெட்டியின் அளவையன்று. அதனுள் சேர்ந்த பணத்தையே.

அவ்வாறாயின், காசுக்கும் ஆங்கிலத்திற்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளில் வணிகம் செய்த போர்த்துகீசியர், காசு என்னும் சொல்லைத் தம் நாவிற்கேற்பக் 'கைஷா' என வழங்கினர். அவர்தம் மொழியில் 'கைஷா' என்பதற்குப் பெட்டி என்பதும் பொருளாதலின், அயற்சொல்லைப் பழகிய சொல்லின் வடிவில் கேட்டனர் போலும். அவ்வடிவினின்றும் ஆங்கிலேயர் மற்றொரு 'கேஷ்' என்னும் சொல்லைப் பெற்றனர். அது பொதுவாகப் பணத்தைக் குறிப்பதன்று. கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து, 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இவ்வரலாற்றைக் கூறுகின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் 80 காசு ஒரு பணம் என்றும், 42 பணம் ஒரு வராகன் என்றும் கணக்கிட்டனர். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசுகள். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இக்கணக்கு வழங்கியது. நடுவே சதுரத் துளையுடைய சீன நாட்டுச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே அழைத்தனர். நம் காசின் பெயர் சீனத்து நாணயத்திற்கும் ஆகியது எத்துணை வியப்பு! பொய்ப் பெருமையை நாடி ஓடியோர் இம்மெய்ப் பெருமையைக் காணாது போயினர்.

இன்னுமொரு சொல்லையும் நோக்குவோம். 'கேஷியர்' என்பது பெயராக வருங்கால் காசாளரைக் குறிக்கும். அது பெட்டியின் வழிவந்தது. அதுவே வினையாக வருங்கால், படைத்தலைவர் ஒருவரை இழிவுறப் பதவியினின்றும் நீக்குதலைக் குறிக்கும். இவ்வினை, செல்லாதாக்குதல் என்னும் பொருளுடைய வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழியது. பணத்தைக் கையாடியவர் நீக்கப்படுதலால் அவ்வினை தோன்றிற்று என ஒருவர் கதை புனையலாம். கேட்கச் சுவையாக இருக்கும், உண்மையாகாது.

நம் காசு என்னும் சொல்லும் இத்தகையதே. நாணயம், மணி, குற்றம் எனப் பல பொருள்களை அது தரும். வெண்பாவின் ஈற்றுச் சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் அமையும். ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலை நம் முன்னோர் நன்கறிந்து, நிகண்டுகளில் அதற்கெனத் தனித் தொகுதியே வகுத்தனர். அத்தொகுதியை மனப்பாடம் செய்த நாம், காசு பல குற்றங்களுக்குக் காரணமாதலின் குற்றத்திற்கும் அப்பெயர் வந்தது எனச் சான்றின்றிக் கூறத் துணிவோமா? நம் சொல்லிடத்துக் காட்டும் இவ்வெச்சரிக்கையைப் பிற மொழிச் சொல்லிடத்தும் காட்டுதலே முறையாகும்.

ஒரு சொல்லின் பிறப்பை அறிய விரும்புவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அச்சொல் எக்காலத்தில் முதன்முதல் எழுத்தில் வந்தது? எவர் வாயிலாக வந்தது? வந்த வழியில் அதன் பொருள் எவ்வாறு மாறிற்று? இம்மூன்றற்கும் விடை கிடைத்தாலன்றி ஒலி ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

தமிழுக்கு இரவற் பெருமை வேண்டா. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்தில் 'கேட்டமரன்', 'செரூட்', 'மல்லிகடானி' என வழங்குதல் ஐயத்திற்கு இடமற்ற உண்மை. ஐயமற்ற இவற்றோடு பொய்யான ஒன்றையும் சேர்த்துக் கூறின், அப்பொய் வெளிப்படும் நாளில் மெய்யானவையும் ஐயத்திற்கு ஆளாகும். நல்ல நாணயங்களினிடையே செல்லாக்காசு ஒன்று காணப்படின், வணிகன் அனைத்தையும் தட்டிப் பார்ப்பானன்றோ? மொழிப்பற்று வேண்டும், அது வாய்மையின் மேல் எழுந்ததாகவும் இருத்தல் வேண்டும். பிழையென அறிந்ததைப் பிழையென ஒப்புதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இழுக்கன்று. அதுவே கல்வியின் பயனாகும்.