தூக்குக் கொட்டடியும் ஒரு சேரிதான்

தூக்குத் தண்டனையைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் கயிற்றைப் பற்றியே எழுதுகிறார்கள். கயிறு சில நிமிஷ வேலை. அந்தக் கயிற்றுக்கு முன்னால் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒரு மனுசனைத் தனியறையில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதை யார் பேசினோம்? மனித உரிமைக்காரர்கள் கொஞ்சம் பேசினார்கள். நாம் பேசவில்லை. நியாயமாக நாம்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். ஒதுக்கி வைப்பது என்றால் என்னவென்று இந்த நாட்டில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம், பிரிவு 30. வெள்ளைக்காரன் போட்டது. தூக்கு விதிக்கப்பட்டவனை மற்ற எல்லாக் கைதிகளிடமிருந்தும் பிரித்துத் தனிக்கொட்டடியில் அடை, ராப்பகலாக ஒரு காவலாளின் பார்வையில் வை என்கிறது. வெள்ளைக்காரன் போனான். பிரிவு போகவில்லை. எப்படிப் போகும்? பிரித்து வை, தள்ளி வை, ஆனால் கண்காணிப்பில் வை என்பது நம்மூர்க்காரனுக்கு அவனைவிட நன்றாகத் தெரிந்த வித்தை ஆயிற்றே! ஊரையும் சேரியையும் இதே கணக்கில்தானே பிரித்தான். ஒரே வித்தியாசம்: சேரியில் நாம் கூட்டமாய் இருந்தோம். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். தூக்குக் கொட்டடி ஒற்றை ஆளின் சேரி. அங்கே ஒப்பாரிக்குக்கூடத் துணையில்லை.

சட்டத்தின் கேலிக்கூத்தைப் பாருங்கள். 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளின்படி, நீதிபதியே தனிமைச் சிறை விதித்தாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது; ஒரே மூச்சில் 14 நாளைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் மனுசன் தாங்க மாட்டான் என்று அந்தச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. நீதிபதிக்கு இல்லாத இந்த அதிகாரத்தைத்தான் ஜெயிலர் ஒரு ரிஜிஸ்தரில் எழுதி வருஷக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்தார்.

1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து இனி எந்த வழியும் இல்லை என்கிற நிலைக்கு வரும்வரை ஒருவன் அந்தப் பிரிவின் கீழ் வரமாட்டான், அதுவரை தனிமையில் அடைக்காதே என்றது. நல்ல தீர்ப்புதான். அப்புறம்? 1983இல் வைத்தீஸ்வரன் வழக்கு. நம் தமிழ்நாட்டு வழக்கு. எட்டு வருஷம் அந்த மனுசன் தனிமையில் கிடந்ததைக் கண்டு நீதிபதி சின்னப்ப ரெட்டி தூக்கை ரத்து செய்தார். இரண்டு வருஷத்துக்குமேல் இழுத்தடித்தாலே தண்டனையைக் குறைக்கலாம் என்றார். அதே வருஷம் இன்னொரு அமர்வு, அப்படியெல்லாம் வருஷக்கணக்கு வைக்க முடியாது என்று அதைத் தள்ளிவிட்டது. 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கை ரத்து செய்தபோது, தனிமைச் சிறை சட்டவிரோதம் என்று மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஒரே விஷயத்தை 36 வருஷம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நடுவில் சிறைக்குள் என்ன நடந்தது என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வெளியே தெரியாது. இவனுக்கு விதித்தது சாவு, கடுங்காவல் அல்ல. எனவே சிறையில் வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. சோப்புக்கும் தபால்தலைக்கும் கூலி வேலை செய்யும் பெண்டாட்டியின் கையை எதிர்பார்க்க வேண்டும். அவள் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, மனுப் போட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, கூட்டத்தில் கத்திப் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தனை முறை வருவாள்? சட்டம் பாதி தூரம் பிரித்தது. மீதியை வறுமை பிரித்துவிடுகிறது.

வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "அவனுங்களுக்கு எதுக்கு சார் சோறு? நம்ம வரிப்பணம்." நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். கோடிகோடியாக வாராக்கடன் ஏட்டிலிருந்து கழித்துக் கட்டப்படும்போது வராத வரிப்பணக் கவலை, கைதியின் ஒரு தட்டுச் சோற்றில் மட்டும் எப்படி ஐயா வந்து உட்காருகிறது?

இவரை விடுங்கள். என் சண்டை நம்மவர்களோடு. "நம்ம ஆளை வெட்டினவனைத் தூக்கில போட வேண்டாமா தோழர்?" என்று கேட்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் கயிறு யார் கழுத்தைத் தேடி வந்தது என்று பார்க்க வேண்டாமா?

பீகாரைப் பாருங்கள். 1992இல் பாரா கிராமத்தில் நடந்த படுகொலைக்குத் தடா சட்டத்தில் வழக்கு. செத்தவர்கள் பூமிகார் சாதியினர். 2001இல் தூக்கு விதிக்கப்பட்ட நால்வரில் கிருஷ்ணா மோச்சி, நன்ஹே லால் மோச்சி, வீர் குவேர் பாஸ்வான் மூவர். பெயரிலேயே சாதி இருக்கிறது. தடா என்பதால் உயர் நீதிமன்றப் படியே கிடையாது. 2002இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டும் தூக்கு உறுதியானது. கருணை மனுவுக்குப் பதில் வந்தது 2017 ஜனவரியில். பதினைந்து வருஷத்துக்கும் மேல் தினமும் விடியும்போது, இன்றைக்கா நாளைக்கா என்று கிடந்திருக்கிறார்கள்.

அதே பீகாரில் 1996இல் பதானி டோலாவில் 21 பேர், 1997இல் லட்சுமண்பூர் பாதேவில் 58 பேர். செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பாதே வழக்கில் 2010இல் 16 பேருக்குத் தூக்கு விதித்தார்கள். 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. பதானி டோலாவில் 23 பேரும் 2012இலேயே விடுதலை. வெண்மணியில் 44 உயிருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பதிலை நாம் 1973இலேயே கேட்டுவிட்டோம். ஆண்டைக்குத் தூக்கு விதித்தாலும் கயிறு பாதி வழியில் அவிழ்ந்துவிடுகிறது. அடிமைக்கு மட்டும் முடிச்சு இறுகுகிறது.

கணக்கு வேண்டுமென்றால் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தூக்குக் கைதிகளில் 74.1 சதம் பேர் பொருளாதாரத்தில் நொறுங்கியவர்கள். 24.5 சதம் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். பிற்பட்டோர், சிறுபான்மையினரையும் சேர்த்தால் 76 சதம். இந்தக் கயிற்றையா நமக்கு நீதி தரும் என்று நம்புகிறீர்கள்?

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில், தூக்குக்கு எதிராக யார் யார் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று விவாதம் வந்தபோது, தண்டனையையே ஒழித்துவிடுவதுதான் இந்த நாட்டுக்கு முறை என்றார். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் இந்தச் சொல்லை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

2011இல் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் நாள் குறித்தபோது தமிழகமே எழுந்தது. செங்கொடி தன்னையே எரித்துக்கொண்டாள். 2014இல் தூக்கு ரத்தானது. அந்த எழுச்சியை நான் வணங்குகிறேன். ஆனால் தமிழன் என்றால்தான் கூடுவோம் என்றால் பாகல்பூர் சிறையில் கிடந்த மோச்சிக்கு யார் கூடுவது? அவன் யாருக்கு உறவு? நமக்குத்தானே உறவு!

ஆகவே தோழர்களே, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது அப்புறம் இருக்கட்டும். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பக்கத்து மத்திய சிறைக்கு மனு எழுதுங்கள். தூக்குக் கைதிகள் எத்தனை பேர்? என்ன சாதி? எத்தனை வருஷமாக? தனியறையிலா, மற்றவர்களோடா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறீர்கள்? கடைசியாக வீட்டார் வந்து பார்த்தது எப்போது? பதில் வந்தால் இந்த இதழுக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் அச்சில் போடுவோம்.